ஐந்து நட்சத்திரமும் டிஸ்க்குக்கே

வாடகைக்கு விடும் படத்துக்கு நட்சத்திரம் போடுகிறவன் டிஸ்க்கைப் பார்த்துத்தான் போட வேண்டும். கதையைப் பார்த்துப் போடக்கூடாது. இதை நான் கடைக்கு முதல் டிஸ்க் வந்த நாளிலும் சொன்னேன், என் பெண்ணின் கல்யாணம் அந்தரத்தில் தொங்கிய வாரத்திலும் சொன்னேன், இப்போது பேத்தி எதிரில் உட்கார்ந்து சிரிக்கும்போதும் சொல்கிறேன். நேரத்துக்கு ஒன்றாக மாற்றிச் சொல்ல நான் என்ன அரசியல் கட்சியா?

என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. (அதிலும் பாதி நாள் வாத்தியார் வரவில்லை, மீதி நாள் நான் போகவில்லை.) கோவில்பட்டியிலிருந்து புனேவுக்கு வந்து, கட்கியில் ஒரு கேண்டீனில் டம்ளர் கழுவி, போபோடியில் ஒரு சந்துமுனையில் கடை போட்டவன் நான். முதலில் வீடியோ கேசட், அப்புறம் சிடி, அப்புறம் டிவிடி. தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆகுர்டியிலோ நிக்டியிலோ ஒரு வீட்டுக்குள்ளிருந்து தமிழில் யாராவது அழுகிற சத்தம் கேட்டால், அது என் கடைப் படம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மராட்டிக்காரர்கள்கூட என்னை ‘வீடியோ அண்ணா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. என் கடையில் ஒவ்வொரு டிஸ்க் அட்டையிலும் என் கையால் நட்சத்திரம் ஒட்டியிருக்கும். அதற்கு எனக்கென்று ஒரு முறை உண்டு. ஆரம்பத்தில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்ப்பேன். வயல்வெளியின் பச்சை, பச்சையாகவே இருக்க வேண்டும். நடுவில் ஒரு மழையைத் தேடிப் பிடிப்பேன். தாரை தாரையாகத் தெரிய வேண்டும், கொசுவலை மாதிரி தெரியக்கூடாது. கடைசியில் ஓர் இருட்டுக் காட்சி. அங்கேதான் மட்டமான டிஸ்க் மாட்டிக்கொள்ளும். கறுப்பு எல்லாம் சாம்பலாகிக் கிடக்கும். மூன்றும் தேறினால் ஐந்து நட்சத்திரம். முழுப் படமும் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. முழுப் படம் பார்க்கிறவன் வாடிக்கையாளன். நான் கடைக்காரன்.

இதில் எனக்கு ஒரே எதிர்க்கட்சி என் பெண் வசந்திதான். பி.காம். முடித்து ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

“அரே அப்பா, ஜனங்க படம் பாக்க எடுத்துட்டுப் போறாங்களா, டிஸ்க் பாக்க எடுத்துட்டுப் போறாங்களா?”

“டிஸ்க் நின்னுபோச்சுன்னா எதைப் பாப்பாங்க? மூஞ்சியையா?”

“கதை மொக்கையா இருந்தா?”

“நான் தக்காளி விக்கிறவன். தக்காளி அழுகலா இல்லையான்னு பாத்துக் குடுப்பேன். அவங்க வீட்டு ரசம் எப்படி வருதுங்கிறது என் பொறுப்பா?”

அவளிடம் இதற்குப் பதில் இல்லை. (இருந்தது. நான் அதற்குள் கீழே கடைக்கு இறங்கிவிட்டேன்.)

இப்படி இருக்கையில், இரண்டாயிரம் பிறந்து கணினிக்காரர்கள் புனேவில் குவிய ஆரம்பித்த சமயம், வசந்திக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் பிரபு. கணினி வேலை. கோயம்புத்தூர்க் குடும்பம், நிக்டியில் சொந்த வீடு, அப்பா வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெரிந்தவர் வீட்டு விசேஷத்தில் இரண்டு பேரும் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். வசந்திக்குப் பிடித்துவிட்டது என்பதை அவள் சொல்லவில்லை. வீட்டில் டெலிபோன் அடித்தால் எனக்கு முன்னால் அவள் ஓடியதில் தெரிந்துகொண்டேன்.

அந்த விசேஷத்தில்தான் மாப்பிள்ளையின் அப்பா என்னிடம் தொழில் என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“வீடியோ கடைங்களா... சரிங்க, சரிங்க.”

முதல் ‘சரிங்க’ பரவாயில்லை. இரண்டாவது ‘சரிங்க’ இருக்கிறதே, காய்ச்சல்காரனைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது. அது என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இவர் என் வீட்டுக்கு வரட்டும், தொழில் என்றால் என்ன என்று காட்டுகிறேன் என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் முடிவாகப் பேசி முடிக்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. என் மனைவி செல்லம் காலையிலிருந்து கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் கடையிலிருந்து ஹோம் தியேட்டரைத் தூக்கி வந்து முன்னறையில் மாட்டிக்கொண்டிருந்தேன். டிவியைச் சுற்றி மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு. வசந்தி பட்டுப்புடவையோடு வந்து நின்றாள்.

“அப்பா, ப்ளீஸ். இன்னைக்கு டெமோ வேண்டாம்.”

“பத்தே நிமிஷம். அசந்துபோயிடுவாங்க.”

“எந்தப் படம்? கதை என்ன?”

“அஞ்சு நட்சத்திரம்.”

“நான் கதை கேட்டேன்.”

“குடும்பப் படம். அட்டையைப் பாரு. மாமியார் இருக்கா, மருமக இருக்கா, குத்துவிளக்கு இருக்கு. இதைவிட மங்களமா என்ன வேணும்?”

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா. அம்மா சோபாவில் நடுநாயகமாக உட்கார்ந்தார். செல்லம் கேசரித் தட்டை நீட்டினாள். அந்த அம்மா ஒரு வாய் போட்டுக்கொண்டு, “இனிப்புக் கொஞ்சம் கம்மியாட்ட இருக்குதுங்க. நல்லதுதான், எனக்கும் சர்க்கரை இருக்குதுங்க” என்றார். எல்லோரும் சிரித்தோம். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான் ரிமோட்டை எடுத்தேன்.

வயல் வந்தது. பச்சை கண்ணைப் பறித்தது. “பாத்தீங்களா, ஒவ்வொரு நெல்லும் தனித்தனியாத் தெரியுது!” என்றேன். மாப்பிள்ளையின் அப்பா தலையாட்டினார். இதில் ‘சரிங்க’ இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போனது. பாட்டு முடிந்தது. வழக்கமாக நான் அங்கே நிறுத்திவிட்டு மழைக்குத் தாவுவேன். அன்றைக்குப் பூரிப்பில் அப்படியே ஓட விட்டேன்.

பாட்டுக்குப் பிறகு அந்தப் படத்தில் பெண் பார்க்கும் காட்சி இருந்தது. எனக்கு எப்படித் தெரியும்? திரையிலும் ஒரு சோபா. நடுவில் மாப்பிள்ளையின் அம்மா. கையில் கேசரி. ஒரு வாய் போட்டுக்கொண்டு அந்தப் பெண்மணி சொன்னாள்:

“என்ன, இனிப்பே இல்ல? கேசரியிலயே இவ்வளவு கஞ்சத்தனம்னா, கல்யாணத்துல என்ன செய்யப்போறாங்க?”

எங்கள் சோபாவில் கரண்டி பாதி வழியில் நின்றது.

திரையில் அவள் நிறுத்தவில்லை. “பையனுக்கு ஒரு கார்கூட வாங்கித் தரலைன்னா ஊரு எங்களை மதிக்குமா?” என்றாள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் புரையேறியது. இருமினார், இருமினார், கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார். நான் தண்ணீர் கொடுத்துவிட்டு, “அந்த அம்மா மூக்குத்தி டால் அடிக்குது பாருங்க” என்றேன்.

(சிரிக்காதீர்கள். உண்மையிலேயே டால் அடித்தது. அந்த மாதிரி டிஸ்க் அப்புறம் வரவேயில்லை.)

சோபாவுக்குப் பின்னால் காப்பித் தட்டோடு நின்ற செல்லம் கண்ணை உருட்டி, இரண்டு விரலால் எதையோ திருகிக் காட்டினாள். நிறுத்துங்கள் என்று அர்த்தமாம். எங்கள் கடையில் அந்தச் சைகைக்குச் சத்தத்தைக் கூட்டு என்று அர்த்தம். கூட்டினேன்.

அப்போதுதான் அது நடந்தது. படத்தில் பெண்ணின் சித்தி மறைவில் நின்று முணுமுணுக்கிறாள். மறைவில் நிற்பவளின் குரல் பின்னாலிருந்துதானே வர வேண்டும்? நல்ல டிஸ்க்கின் லட்சணமே அதுதான். சோபாவுக்குப் பின்னாலிருந்து, சுத்தமான தமிழில், மாப்பிள்ளையின் அம்மா காதருகே கேட்டது:

“பேராசை பிடிச்ச பொம்பளை. வாயைப் பாரு, வாயை!”

அந்த அம்மா விருட்டென்று திரும்பினார். அங்கே காப்பித் தட்டோடு செல்லம் நின்றுகொண்டிருந்தாள்.

“ஐயோ, நான் சொல்லலம்மா! சத்தியமா நான் வாயே தொறக்கல!” என்று செல்லம் அலறினாள். காப்பி பாதி தட்டில், பாதி மாப்பிள்ளையின் அப்பா சட்டையில்.

தெரிந்த இடத்துக்குப் போய்விடலாம் என்று இருட்டுக் காட்சிக்குத் தாவினேன். கறுப்பு அவ்வளவு அழகாக இருந்த காட்சி அது. யார், எதற்கு அந்த இருட்டில் நிற்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. அதே மாமியார்தான். மகன் வீட்டை விட்டுத் துரத்திவிட்டான். மூட்டையோடு வாசற்படியில் நின்று, திரும்பி மருமகளைப் பார்த்து, ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள்...

பாய்ந்து போய் டிஸ்க்கைக் கேசரி தின்ற கையாலேயே பிடுங்கினேன்.

“பிரபு, போலாம்” என்றார் அந்த அம்மா.

மூன்று பேரும் படியிறங்கினார்கள். வசந்தி உள்ளறைக் கதவைப் பிடித்தபடி நின்றாள். ஏதாவது சொல்லி நிலைமையைச் சரிக்கட்ட வேண்டும் என்று நான் பின்னாலேயே ஓடினேன். தொழில் பழக்கம், வாயில் வந்தது இதுதான்:

“பிரிண்ட் எப்படி இருந்துச்சுங்க?”

மாப்பிள்ளையின் அப்பா சட்டைக் காப்பியைத் துடைத்துக்கொண்டே, “தெளிவா இருந்துச்சுங்க. ரொம்பத் தெளிவா” என்றார்.

அந்த வாரம் டெலிபோன் அடிக்கவில்லை. வசந்தி என்னோடு பேசவில்லை. நடுவில் ஒரே ஒரு தடவை பேசினாள்.

“ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, முழுப் படத்தையும் பாத்திருந்தா என்னப்பா?”

“டிஸ்க்குல என்ன குறை? நீ சொல்லு. ஒரு குறை சொல்லு, நான் கடையை இழுத்து மூடுறேன்.”

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்குள்ளிருந்தே தமிழில் அழுகிற சத்தம் கேட்டது. படம் எதுவும் ஓடவில்லை. நான் கீழே போய்க் கடையில் உட்கார்ந்து, ஏற்கெனவே துடைத்த டிஸ்க்குகளை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

வாரக் கடைசியில் டெலிபோன் அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா.

“ஏனுங்க, அந்த டிவிடி கெடைக்குங்களா?”

“எந்த டிவிடி?”

“அதேதானுங்க. எங்கூட்டுக்காரிக்குத் தூக்கமே இல்லீங்க. அந்தப் பொம்பளை வாசப்படியில நின்னு என்ன சொல்ல வந்தாள்னு கேட்டுக் கேட்டு என்ற உசுரை எடுக்கறா. கதையாவது சொல்லுங்க.”

கதையா? எனக்கா?

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் நிக்டிக்கு நானே பறந்தேன். (“வாடகை வாங்கிடாதீங்க!” என்று வசந்தி மாடியிலிருந்து கத்தினாள். அந்த வாரத்தில் அவள் என்னோடு பேசியது அது இரண்டாவது தடவை.) அவர்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தோம். என் வாழ்க்கையில் நான் முழுசாகப் பார்க்க உட்கார்ந்த முதல் படம். கடைசியில் மாமியார் வாசற்படியில் நின்றாள். திரும்பினாள். வாயைத் திறந்தாள்.

திறந்தபடியே நின்றாள்.

டிஸ்க்கை எடுத்துப் பார்த்தால், ஓரத்தில் என் கட்டைவிரல் ரேகை நெய்யில் பளபளத்தது. துடைத்தேன். வேட்டியால், பஞ்சால், சோப்புத் தண்ணீரால். துடைக்கத் துடைக்கக் கீறல்தான் விழுந்தது. வாய் மூடவே இல்லை. என் கையில் நெய் இருந்தது வாஸ்தவம். ஆனால் கேசரியில் அவ்வளவு நெய்யை ஊற்றியது யார்? நானா?

மாப்பிள்ளையின் அம்மா அந்தத் திறந்த வாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நல்ல நாள் பாருங்க. எங்களுக்கு ஒண்ணும் வேண்டாமுங்க. வசந்தி வந்தாப் போதும்.”

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மறுபடி புரையேறியது. அவர் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் கேட்பதாகத்தான் வந்திருந்தார் என்று கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை சொல்லித் தெரிந்தது.

வேறு டிஸ்க் தேடாமல் இருப்பேனா? ஒன்று கிடைத்தது, தியேட்டரில் கேமராவை ஒளித்துவைத்து எடுத்தது. சரியாக அந்த இடத்தில் யாரோ ஒருத்தர் எழுந்து பாத்ரூம் போகிறார். அவர் தலைதான் தெரிகிறது. அது தியேட்டரில் ஓடாத படம், அதனால் இன்றைக்கு எந்த செல்போனிலும் அது கிடைப்பதில்லை.

வருஷா வருஷம் தீபாவளிக்குச் சம்பந்தியம்மா கேட்பார், “அவ என்னுங்க சொல்லியிருப்பா?” போன தீபாவளிக்கு அவரே சொன்னார்: “அவ மன்னிப்புக் கேட்டுட்டான்னு பாத்திருந்தா, அன்னைக்கே மறந்திருப்பேனுங்க. வாயைத் தொறந்துட்டு நின்னுட்டாளா, வசந்தியை ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தா அவ மூஞ்சிதான் முன்னால வந்து நிக்குது.”

கேட்டீர்களா? கதை செய்யாததை டிஸ்க் செய்திருக்கிறது. இதை நான் சொன்னால், “டிஸ்க் இல்லப்பா, கெட்டுப்போன டிஸ்க்” என்கிறாள் வசந்தி. பேத்திக்குத் தமிழ் கொஞ்சம் தடுமாறும், ஆனால் வீட்டில் யாராவது சண்டைக்கு வாயைத் திறந்தால் போதும், “பாட்டி ஸ்டக்!” “தாத்தா ஸ்டக்!” என்று கை தட்டிக் கத்துவாள். திறந்த வாய் சிரிப்பாக மூடிவிடும்.

கடையை மூடி வெகுகாலம் ஆகிறது. அந்த அட்டை மட்டும் என் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. என் நட்சத்திரங்களுக்குக் கீழே வசந்தி ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறாள்: ‘கதைக்கு மருமகளைக் கேட்கவும்.’ (மருமகள் வேறு யார், அவளேதான்.) ஒட்டிவிட்டுப் போகட்டும். ஐந்தில் ஒன்றைக்கூட நான் உரிக்கவில்லை.