ஒரு வரி தள்ளிப்போன சமையலறைத் திரை

அன்புள்ள சோல்வை அக்காவுக்கு, தம்பி ஆர்விட் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் உனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. அங்கு நீயும் ஹரால்ட் அத்தானும் மாடுகளும் சுகமாயிருக்க ஆண்டவர் அருள்வாராக. எங்கள் ஏரி உறைந்துவிட்டது. மீன் பிடிக்கிறவர்கள் பனிமேலேயே காரை நிறுத்துகிறார்கள். இந்தக் கடிதத்தை நான் உட்கார்ந்து எழுதவில்லை. ஃபிரிட்ஜின் மேல் காகிதத்தை வைத்து நின்றபடி எழுதுகிறேன். இரண்டு வரிக்கு ஒருமுறை ஜன்னல் வரை போய்விட்டு வருகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

செய்தி என்னவென்றால், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டேன். உங்கள் மாடி அறையைக் கொஞ்சம் சூடுபடுத்தி வைக்கவும். இனி அத்தானுடன் பால் கறக்கத் தீர்மானித்திருக்கிறேன். மாடுகளில் பல ரகம் இருந்தாலும் பால் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று நீ ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேட்பாய், நானும் ஏதோ சொல்லி மழுப்புவேன். இப்போது கேள். ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதற்குக் கம்பியால் இணைத்த டெர்மினல்கள், அதாவது திரையும் விசைப்பலகையும் சேர்ந்த பெட்டிகள், வார்டுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. யாருக்கு என்ன சாப்பாடு என்று நர்ஸ் வார்டில் அடித்தால் சமையலறைத் திரையில் தெரியும். எங்கே மலிவோ அங்கே வாங்கியதால் ஒன்று மாதிரி ஒன்று இல்லை. திரையைத் துடை என்பதற்கு ஒன்றிடம் ஒரு குறி அனுப்ப வேண்டும். அதே குறியை இன்னொன்றுக்கு அனுப்பினால் மணி அடிக்கும். ஆகையால் எந்தப் பெட்டியாக இருந்தாலும் ஒரே புரோகிராம் ஓடுகிற மாதிரி நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளனை நான் எழுதினேன். எந்தப் பெட்டிக்கு என்ன தெரியும் என்று அதனிடம் சொல்லி வைத்துவிட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும். ரொம்பக் கெட்டிக்காரன் அக்கா. திரையில் என்ன இருக்கிறது என்று மனசுக்குள்ளேயே ஒரு படம் வைத்திருப்பான், மாறின இடத்தை மட்டும் திருத்துவான். ஆனா திரைக் கண்ணாடில நெஜமாவே என்ன தெரியுதுன்னு மட்டும் எட்டிப் பாக்க மாட்டான்.

போன வாரம் இங்கே வார்டில் படுத்திருக்கிற நம்ம போதகர் லுண்ட்கிரன், சர்க்கரை வியாதிக்காரர், தட்டில் மாட்டிறைச்சி உருண்டையும் ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பலகாரமும் வந்ததும் சத்தமில்லாமல் சாப்பிட்டு முடித்துவிட்டு மயங்கிவிட்டார். டாக்டர்கள் ஓடி வந்து ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். தெளிந்ததும் "ஏன் போதகரே, கேக்கக் கூடாதா?" என்றால், "ரொம்ப நாளா ஜெபம் பண்ணிட்டிருந்தேன், பதில் வந்துருச்சுன்னு நெனச்சேன்" என்கிறார். பக்கத்துக் கட்டிலில் தொண்டை ஆபரேஷன் ஆன ஹோஃப், மரம் வெட்டுகிற ஆள், அன்றைக்குக் கெட்டிச் சாப்பாடு என்று டாக்டர் வாக்குக் கொடுத்திருந்தாராம், அவருக்கு மறுபடியும் சூப்பு. அவர் சூப்புக் கிண்ணத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, இரவு உடையோடு சமையலறைக்கே இறங்கி வந்துவிட்டார்.

பழி யார் மேலே? சமையலறைத் தலைவி வாண்டா மேலே. நிர்வாகி கிரைட்டன் வந்து, "மெஷின் பொய் சொல்லாது, உனக்குக் கண்ணு சரியில்ல, வீட்டுல இரு, விசாரிச்சுட்டுச் சொல்றோம்"னுட்டார். அந்தம்மா ஏப்ரனைக் கழட்டி மடிச்சு என் கையில குடுத்து, "ஆர்விட், திரையில என்ன இருந்துச்சோ அதத்தான் அனுப்புனேன். நீ எழுதுன பெட்டி, நீயே கேட்டுக்கோ"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு. புருஷன் இல்லாத பொம்பள அக்கா, ரெண்டு பொண்ணுங்க காலேஜ்ல. அந்த ஏப்ரன வச்சுக்கிட்டு மேலயும் கீழயும் நடந்தேன். வார்டு திரையப் பாத்தா எல்லாம் சரியா இருக்கு. சமையலறையிலயும் அதே புரோகிராம்தான். யாரைச் சந்தேகப்படறது?

அப்புறம் பாத்திரம் கழுவற பொண்ணு ஒண்ணு சொல்லிச்சு, அன்னிக்கு ஒரு தட்டு காலிக் கட்டிலுக்குப் போய்ட்டுத் திரும்பி வந்துச்சாம். அமுண்ட்சன்னு ஒருத்தர், காலையிலயே வீட்டுக்குப் போனவர், அவர் பேர்ல. ஒருத்தர் போனா அந்த வரியை எடுத்துட்டுக் கீழ இருக்கறதை மேல நகத்துன்னு நம்ம கெட்டிக்காரன் சொல்வான். சமையலறைப் பெட்டிக்கு அது தெரியும்னு வித்தவன் சத்தியம் பண்ணியிருந்தான், நானும் அப்படியே நம்பி எழுதி வச்சிருந்தேன். ஓடிப் போய் ஒரு வரியை எடுக்கச் சொன்னேன். பெட்டி சும்மா முழிச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கு அந்த வித்தையே தெரியாது. இவன் மனசுல எல்லாரும் ஒரு வரி மேல ஏறிட்டாங்க, கண்ணாடில யாரும் ஏறல. ஹோஃபுக்கு சூப்பை மாத்தி ஆப்பிள் பைன்னு நர்ஸ் அடிச்சா, அது போய் கண்ணாடில ஒரு வரி மேல இருந்த போதகர் பேர்ல உக்காந்துருச்சு.

கிரைட்டனைச் சமையலறைக்கே கூட்டிட்டு வந்து கண்ணு முன்னால காட்டினேன். "அப்ப வாண்டா?" என்றார். "அவங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, எனக்குத்தான் இல்ல" என்றேன். அங்கிருந்தே வாண்டாவுக்குப் போன் பண்ணி வரச் சொல்லிவிட்டார். அதோட விட்டிருக்கலாம். போகும்போது, "எந்தப் பெட்டியா இருந்தாலும் ஓடும்னுதானேப்பா சொன்ன?" என்று தோளில் தட்டினார். அதுதான் தாங்கல. சரியான கேள்வி அக்கா. அந்தப் பெட்டிக்கு அந்த வித்தை தெரியாதுன்னு உண்மையை எழுதி வச்சேன், எல்லாத் திரையையும் ஒருமுறை சரிபார்த்தேன், ராஜினாமாவை உறையில போட்டுக் கிரைட்டன் மேசையில வச்சேன், கோட்டைப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். ஆள் ஒருத்தர் செத்திருப்பாரே, அதை நெனச்சா எனக்கு எங்கயும் உக்கார முடியல.

ஆகவே சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அத்தானுக்கு என் மரியாதையைத் தெரிவிக்கவும். குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் கொட்டகையில் பால் குறையாமலும் வீட்டில் விறகு குறையாமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உன் அன்புத் தம்பி,
ஆர்விட்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது வாண்டா வந்தார், ஒரு பெரிய பாத்திரத்தில் முட்டைக்கோஸும் சாஸேஜும். கிரைட்டன் அந்த ராஜினாமாவை இன்னும் பிரிக்கவே இல்லையாம். பிரசவ வார்டுக்கு மூடிப்போன ஒரு பாங்கிலிருந்து பழைய டெர்மினல் வாங்கியிருக்கிறார்களாம். அதில் கர்சர், அதாவது எழுத்து விழும் இடத்தைக் காட்டும் புள்ளி, கீழேதான் போகுமாம், மேலே ஏறவே ஏறாதாம். "புள்ள பொறக்கப் பொறக்கப் பேரு கீழயே போய்ட்டிருக்கு, நர்ஸுங்க அழுவுறாளுங்க. நீ மாடு மேய்க்கப் போறேன்னு பாத்திரம் கழுவற பொண்ணுகிட்ட சொன்னியாம்ல?" என்றார். மேலே போகத் தெரியாத பெட்டிக்கு முழுத் திரையையும் துடைத்துவிட்டுத் திரும்ப வரைந்தால் போதும். ஆனால் துடைக்கத் தெரியும் என்று யார் சொன்னது, இந்தத் தடவை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். கோட்டு போட்டாச்சு, வாண்டா வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்திருக்கிறார். அறையைச் சூடுபடுத்த வேண்டாம். மேலே எழுதினதில் நல விசாரிப்பை மட்டும் வைத்துக்கொள், மற்றதை அழித்துவிடு.