ஏழு விநாடித் தலைவர்

தலைவர்களில் இரண்டு வகை உண்டு. ஊர் கூடித் தேர்ந்தெடுத்தவர்கள் ஒரு வகை. சாய்வு நாற்காலியில் படுத்துப் படம் பார்த்தே தலைவரானவர்கள் இன்னொரு வகை. முதல் வகையைப் பற்றிப் பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொள்ளட்டும், அது அவர்கள் பிழைப்பு. நமக்கு இரண்டாவது வகை போதும். வேடிக்கை அங்கேதான் இருக்கிறது.

இந்தப் படத்தலைவரை அடையாளம் காண்பது ரொம்பச் சுலபம். அவரிடம் மணி என்ன என்று கேளுங்கள். உடனே சொல்லமாட்டார். முதலில் சன்னல் பக்கம் திரும்புவார். தூரத்தில் எதையோ பார்ப்பார். ஒரு பெருமூச்சு வரும். நீங்கள் பயந்துபோய், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையோ என்று நினைக்கும்போது, "நாலே கால்" என்பார். அவர்தான். சந்தேகமே வேண்டாம்.

எங்கள் லெப்பாசலோவில், அதாவது பின்லாந்தில் ஏரியும் காடும் போக மிச்சம் விழுந்த இடத்தில் மூவாயிரம் பேர் குடியிருக்கும் ஊரில், இந்த இனத்துக்கு ஒரே ஒரு உருப்படிதான். பெயர் யால்மாரி. வயது ஐம்பத்தெட்டு. ஊர் மன்றத்தின் துணைத் தலைவர். தலைவி கெர்த்து அம்மாள் வரும் வசந்தத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி யால்மாரிக்குத்தான் என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. மனிதர் அதற்காகப் பதினாறு வருஷம் காத்திருக்கிறார். இன்னும் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், நாற்காலி தானாக வந்து சேரும்.

அதுதான் பிரச்சினையே. எந்தப் படத்தில் ஐயா வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு நாற்காலி கிடைத்திருக்கிறது?

யால்மாரி பார்க்காத அரசியல் படம் இல்லை. ஏழை வீட்டில் பிறந்து நாடாளும் தலைவர், நல்லவனாக ஆரம்பித்துக் கெட்டவனாக முடியும் தலைவர், மேடையில் கண்ணீர் விட்டுவிட்டுக் காரில் ஏறியதும் கைக்குட்டையைத் தூக்கி எறியும் தலைவர் என்று ஒருவரையும் விடாமல், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, மடியில் குறிப்பேடும் காதில் பென்சிலுமாக உட்கார்ந்து, நல்ல கட்டங்களை இரண்டு தரம் ஓடவிட்டு எழுதிக்கொள்வார். பக்கத்தில் மனைவி சிர்க்கா கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் ஒரு படம். அதில் ஒரு மந்திரி ஏழைகளின் தோழன் என்று பேர் வாங்கியவன். பெரிய காரில் வருவான், தெருமுனையில் இறங்கிக்கொள்வான், பழைய செருப்பை மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு நடந்தே வந்ததாகக் காட்டிக்கொள்வான். யால்மாரிக்கு வந்ததே கோபம்!

"பாரு சிர்க்கா, என்ன வேஷம்! என்ன வேஷம்! இவனையெல்லாம் மக்கள் எப்படித்தான் நம்புறாங்களோ!"

சிர்க்கா ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்குக் காலைல சறுக்குவண்டிய டிக்கில ஏத்தணுமா வேணாமா, அதச் சொல்லு. உள்ள உருளைக்கிழங்கு மூட்டை கெடக்கு, எடுக்கணும்."

விஷயம் இதுதான். மன்ற உறுப்பினர்கள் காரை விட்டுவிட்டு, எங்கள் பாட்டன்கள் போல உதைத்துத் தள்ளும் சறுக்குவண்டியில்தான் வேலைக்கு வரவேண்டும் என்று போன வருஷம் முழங்கியவர் யால்மாரி. அதைத் தவறாமல் கடைப்பிடிப்பவரும் அவர் ஒருவரே. தினமும் சர்ச்சின் பின்பக்கம் வரை காரில் வருவார். டிக்கியிலிருந்து வண்டியை இறக்குவார். கடைசி இருநூறு மீட்டர் பனியில் காலால் உதைத்துக்கொண்டு மன்றத்துக்கு வருவார். வியர்வை தெரியவேண்டுமே என்று நெற்றியில் புட்டித் தண்ணீரைத் தெளித்துக்கொள்வார். மைனஸ் பன்னிரண்டு டிகிரியில் அந்த வியர்வை புருவத்திலேயே உறைந்துபோய், உள்ளே வந்து அரைமணி நேரம் கழித்துக் காப்பியில் சொட்டும்.

ஊருக்குத் தெரியாதா? எல்லாருக்கும் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பது பெரிய அநாகரிகம். பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற ஒஸ்மோ, அவரும் மன்ற உறுப்பினர்தான், ஒரே ஒருநாள் வாயைத் திறந்தார்.

"யால்மாரி, சர்ச்சுக்குப் பின்னாடி பனியத் தள்ளி உனக்குன்னு ஒரு எடம் பண்ணி வெச்சிருக்கேன்யா. கார் நிறுத்தத் தோதா இருக்கும்."

கிண்டல் இல்லை. சத்தியமாக இல்லை. ஒஸ்மோவுக்குக் கிண்டல் வராது.

படத்தில் தலைவர்கள் நீளமான நடைகூடத்தில் வேகவேகமாக நடந்துகொண்டே உத்தரவு போடுவார்கள், பின்னால் ஐந்து பேர் ஓடிவருவார்கள், பார்த்திருப்பீர்கள். யால்மாரியும் செய்து பார்த்தார். எங்கள் மன்றத்தின் நடைகூடம் மொத்தம் பதினோரு எட்டு. பனிக்காலணியை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடுதான் உள்ளே போகவேண்டும். முதல் உத்தரவின் பாதியிலேயே கோட்டு மாட்டும் இடம் வந்துவிட்டது. நிற்கப் பார்த்தார். மெழுகு போட்ட தரை, கம்பளிக் காலுறை. கோட்டுகளுக்குள்ளே போய்த்தான் நின்றார்.

சரி, மக்களோடு கலப்போம் என்று சந்தைக்குப் போனார். படத்தில் தலைவர் என்றால் குழந்தையைத் தூக்கவேண்டாமா? காப்பிக்கடை வாசலில் ஒரு தள்ளுவண்டியில் குழந்தை ஒன்று சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் குழந்தைகளை வெளிக் குளிரில்தான் தூங்கவைப்போம், நல்ல தூக்கம் வரும். யால்மாரி அதைத் தூக்கி உயரே பிடித்து, படமெடுக்க யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். குழந்தை கண்ணைத் திறந்தது. வாயையும் திறந்தது.

கடைக்குள்ளிருந்து தாய்க்காரி பாய்ந்து வந்தாள். "யோவ்! ஒண்ணேகால் மணி நேரம் ஆட்டித் தூங்க வெச்சேன்யா! உனக்கு ஓட்டு வேணும்னா என்னை எழுப்பு, எம்புள்ளய எதுக்குய்யா எழுப்புற?"

தாலாட்டுத் தெரியாத மனிதர், கட்சிப்பாட்டைப் பாடி ஆட்டவேண்டியதாயிற்று. அன்றைக்கு முப்பத்தைந்து நிமிஷம் ஆட்டினார்.

இதையெல்லாம் விடுங்கள். சதி என்று ஒன்று இருக்கவேண்டுமே! சதி இல்லாமல் எந்தத் தலைவன் மேலே வந்தான்? எங்கள் ஊரில் அரசியல் பேச்செல்லாம் வியாழக்கிழமை சவுனாவில்தான், ஏரிக்கரை நீராவிக் குளியலறையில். அங்கே யால்மாரி, படத்தில் பார்த்தபடி, எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சன்னலோரம் போய் நின்றார். படத்தில் அந்தத் தலைவருக்குக் கோட்டு இருக்கும். இங்கே யார் உடம்பிலும் ஒட்டுத்துணி கிடையாது. முதுகைக் காட்டுகிறோம் என்று நினைத்தவரால் முதுகோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை.

"ஒஸ்மோ," என்றார் குரலைத் தாழ்த்தி. "வசந்தத்துல என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்?"

ஒஸ்மோ நெடுநேரம் யோசித்தார். "பனி உருகும்."

"நான் அதச் சொல்லல."

"ஏரிக்கரை ரோடு சேறாயிரும்."

"நாற்காலியப் பத்திக் கேக்குறேன்யா!"

"அது உனக்குத்தான, இதுல என்ன இருக்கு? எல்லாரும் பேசி முடிச்சாச்சு. வா, வந்து உக்காரு. கதவு சரியா சாத்தல பாரு, சூடு போவுது."

யால்மாரிக்கு அழுகையே வந்துவிட்டது. எதிரி இல்லை, துரோகி இல்லை, முதுகில் குத்த ஒரு நாதி இல்லை. இப்படிக் கையில் கொடுத்தால் அது பதவியா, தபாலா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பார்த்த படம்தான் வினையாக வந்தது. அதில் தலைவர் நிறைந்த சபையில் எழுந்து, "நான் பதவி விலகுகிறேன்" என்கிறார். மௌனம். யால்மாரி கடிகாரத்தை வைத்து அளந்தார், சரியாக ஏழு விநாடி. பிறகு ஒரே அலறல். "போகாதீங்க!" என்று ஆணும் பெண்ணும் மேசைமேல் ஏறிக் கதறுகிறார்கள், தலைவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் இன்னும் பெரிய நாற்காலியில் உட்காரவைக்கிறார்கள்.

"ஆஹா!" என்றார் யால்மாரி.

சிர்க்கா முதல் தடவையாகப் பின்னலைக் கீழே வைத்தாள். "ஏம்ப்பா, அங்க கத்துறதுக்குச் சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்க. நம்மூர்ல யாரு கத்துவா? வீடு பத்திக்கிட்டாக்கூட மெதுவாதான் சொல்லுவாங்க."

"உனக்கு மக்களோட மனசு தெரியாது, சிர்க்கா."

விலகுவதற்கு ஒரு கொள்கை வேண்டும். தேடினார். அடுத்த மன்றக் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயம்தான் கொஞ்சம் தேறியது. உறைந்த ஏரியில் துளை போட்டுக் குளிக்கிறவர்கள் உடைமாற்றும் குடிசைக்கு விறகு அடுப்பா, மின்சார அடுப்பா? யால்மாரி விறகின் பக்கம் நின்றார். எல்லாரும் மின்சாரம் என்பார்கள், நாம் தன்னந்தனியாக விறகுக்காகப் போராடி வீழ்வோம் என்று இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று பேச்சைத் தயாரித்தார். வீழ்ந்தபின் எந்தத் தோளில் ஏறுவது என்பதுவரை யோசித்துவைத்தார். ஒஸ்மோவின் தோள் அகலமானது.

கூட்டம் மாலை நாலு மணிக்கு. கெர்த்து அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "வெறகா, கரண்டா?"

"வெறகு," என்றார் ஒஸ்மோ.

"வெறகுதான்," என்றார் அடுத்தவர்.

இப்படியே கடைசி நாற்காலிவரை விறகு, விறகு என்றே வந்தது. கெர்த்து அம்மாள் சுத்தியலைத் தூக்கினார். எங்கள் மன்றத்தின் வழக்கம் எளிமையானது. தலைவர் ஆட்சேபணை உண்டா என்று கேட்பார், யாரும் பேசாவிட்டால் எல்லாருக்கும் சம்மதம், ஒரு தட்டு, முடிந்தது. நூறு வருஷமாக அப்படித்தான் இந்த ஊர் ஓடுகிறது.

யால்மாரிக்கு வியர்த்தது. இந்தத் தடவை புட்டித் தண்ணீர் இல்லை. எதிர்ப்பே இல்லாமல் எப்படி வீழ்வது? உட்கார்ந்துவிடலாம். உட்கார்ந்திருக்கவேண்டும். ஆனால் இரண்டு நாள் தயாரித்த பேச்சை என்ன செய்வது, ஊறுகாய் போடுவதா? எழுந்துவிட்டார்.

"நண்பர்களே! விறகு வெறும் மரமல்ல!" என்று தொடங்கிப் பதினோரு நிமிஷம் பேசினார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிவில் மார்பில் கை வைத்துக்கொண்டார். "இந்த மன்றத்தில் என் குரலுக்கு மதிப்பில்லாதபோது, துணைத் தலைவர் பதவியிலிருந்து நான்... விலகுகிறேன்!"

மௌனம். யால்மாரி மனசுக்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு, ஏழு. ஒரு சத்தமும் இல்லை. எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் காலை வணக்கம் சொன்னால் பதில் வரவே ஏழு விநாடி ஆகும். பத்து. பதினைந்து. பின்வரிசையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தார். யால்மாரியின் முகம் மலர்ந்தது. கனைத்தவருக்கு ஜலதோஷம்.

"துணைத் தலைவர் விலகுறேன்னு சொல்றாரு," என்றார் கெர்த்து அம்மாள். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?"

யாருக்கும் அவர்மேல் கோபம் இல்லை. பாதிப் பேருக்கு அவரை விட மனசே இல்லை. ஆனால் ஒரு வளர்ந்த மனிதன் யோசித்து எடுத்த முடிவில் நாம் யார் குறுக்கே நிற்க? தரையைப் பார்த்தார்கள். சுத்தியல் விழுந்தது.

எழுத்தர் பேனாவை நிமிர்த்தினாள். "காரணம் என்னன்னு எழுதட்டும் சார்? உடம்பு சரியில்லையா, ஊர் மாறுறீங்களா?"

"மனசாட்சி," என்றார் யால்மாரி, ஈனக்குரலில்.

"அதுக்குக் கட்டம் இல்லையே... சரி, 'இதர'ன்னு போட்டுக்கறேன்."

"அடுத்து, புதுத் துணைத் தலைவர்," என்றார் கெர்த்து அம்மாள். "வசந்தத்துல என் எடத்துக்கும் அவரே வரட்டும். ஒஸ்மோன்னு நெனைக்கிறேன். ஒஸ்மோ, உனக்கு ஆட்சேபணை உண்டா?"

ஒஸ்மோவுக்கு உண்டு. நிறைய உண்டு. ஆனால் அதைச் சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது.

யால்மாரி வெளியே வந்தார். அந்தப் பதினோரு எட்டை எவ்வளவு மெதுவாக நடக்க முடியுமோ அவ்வளவு மெதுவாக நடந்தார். கோட்டை எடுத்தார், திரும்ப மாட்டினார், மறுபடி எடுத்தார். கடைசியில் கதவு திறந்தது. ஒஸ்மோ!

"யால்மாரி," என்றார் ஒஸ்மோ. கண் கலங்கியிருந்தது. "மனசுக்குக் கஷ்டமா இருக்குய்யா. எனக்கு இந்த நாற்காலியே வேணாம். நீ நெசமாவே வேணாம்னுதான் சொன்னியா?"

இதோ, இதுதான் சமயம். 'இல்லப்பா, சும்மா சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. பதினாறு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு வார்த்தை. ஒஸ்மோ காத்திருந்தார், அவருக்குக் காத்திருக்கத் தெரியும். யால்மாரி வாயைத் திறந்தார். ஆனால் எந்தப் படத்திலாவது தலைவர், 'சும்மா சொன்னேன்' என்று சொல்லியிருக்கிறாரா? அவர் சன்னல் பக்கம் திரும்பினார். தூரத்தில் எதையோ பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

ஒஸ்மோ தலையசைத்தார். "புரியுது," என்று மெல்லச் சொல்லி, அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்திக்கொண்டுதான் போனார், சூடு போய்விடக் கூடாதே.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அதற்கு முன் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து "இனி என்னால் முடியாது" என்று எழுதிவிட்டு வெளியேறி, யார் முதலில் கூப்பிடுகிறார்கள் என்று சாயந்திரம்வரை கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தது யார்? "எனக்குச் சாப்பாடு வேண்டாம்" என்று எழுந்துபோய், சமையலறைச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தது யார்? உங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த முறை விலகுவதற்கு முன்னால், அறையில் இருப்பவர்கள் உங்கள் பேச்சை அப்படியே நம்புகிறவர்களா என்று மட்டும் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள்.