வண்டிக்கு அடியில் மரியாதை கிடையாது

கோயம்புத்தூர் வட்டாரத்தில் மரியாதை கொடுத்தால் கோபித்துக்கொள்கிற ஒரே மனிதர் எங்கள் சாவி அண்ணன்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் காருக்கு அடியில் அவர் படுத்திருக்கும் நேரத்தில் மட்டும். மற்ற நேரங்களில் அவரே தெருநாயிடம், "அக்கட்டால படுங்க சாமி, வண்டி வருது" என்று சொல்லிவிட்டுப் போகிற ரகம்.

கணபதியில் நான் குடியிருந்த தெருவில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பட்டறை வாசலில்தான் விழ வேண்டும். லேத்து, வெல்டிங், டிங்கரிங் எல்லாம் உண்டு. அப்படிப்பட்ட தெருவில், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு மனிதர் தன் பழைய வெள்ளைக் காருக்குத் தானே ஆயில் மாற்றுவேன், தானே பேட்டரி துடைப்பேன் என்று கிளம்பினால் வேடிக்கையாக இருக்காதா? அவர் கிளம்பும் அழகு இன்னும் வேடிக்கை. மோதிரம், வாட்ச், செயின் எல்லாம் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிடுவார். லுங்கிக்குத் தடை. மகள் சின்ன வயதில் நீச்சல் பழக வாங்கிய ரோஸ் நிறக் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொள்வார். இஞ்சினுக்குப் பக்கத்தில் புறங்கையைக் காட்டிப் பார்த்து, "இன்னும் காச்சல் இறங்கலீங்க" என்று காத்திருப்பார். அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை, தூக்குவதற்கு ஜாக்கி, அந்த ஜாக்கியை நம்பாமல் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு.

கடைசியாக, யாராவது தெரியாமல் வண்டியை ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது என்று சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு உள்ளே போவார். அதே கொத்தில்தான் பீரோ சாவியும் இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டில் பீரோ திறக்காது. அவருக்குப் பட்டம் வந்தது அப்படித்தான்.

இதெல்லாம் எதிர் வீட்டு மாடிக்கு நான் குடிவந்த முதல் மாதத்திலேயே தெரிந்துகொண்டது. எனக்கு அடுத்த வீட்டு விவகாரம் என்றால் காது தானாக நீளும். ஆனால் ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போடப்படும். அதில் தெருவாசி யாராவது ஒருவர் உட்கார்ந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்களோடு பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று காருக்கு அடியிலிருந்து, "இப்ப" என்று குரல் வரும். ஸ்டூல்காரர் பதறி எழுந்து, "ஏனுங்கண்ணா, சித்த வெளிய வாரீங்களா" என்பார். உடனே உள்ளேயிருந்து பதில் வரும். "நான் செத்துப்போயிட்டேன். அடுத்த வாரம் வேற ஆளப் பாத்துக்கறேன்."

டெய்லர் வந்தார், அண்ணன் செத்தார். மாவு மில்காரர் வந்தார், அண்ணன் மறுபடி செத்தார். ஒரு மனிதர் வாராவாரம் இப்படிச் சாவதை எத்தனை நாள்தான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது? இறங்கிப் போய் அண்ணனின் மனைவியிடம் கேட்டேவிட்டேன்.

"அத ஏன் கேக்கறீங்க அம்மணி" என்று அக்கா சொன்ன கதை இதுதான்.

மகளைக் கிணத்துக்கடவில் கொடுத்திருக்கிறார்கள். தென்னந்தோப்புக் குடும்பம். சம்பந்தி தங்கமான மனிதர். மரியாதைக்காக உயிரையும் கொடுப்பார். ஒரு நாள் அண்ணனின் உயிரைக் கொடுக்கப் பார்த்தார். ஸ்டாண்டு எல்லாம் வாங்குவதற்கு முந்தைய காலம். அண்ணன் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுத்திருக்க, சம்பந்தி கேட்டைத் திறந்துகொண்டு வந்திருக்கிறார். ஜாக்கி ஒரு பக்கமாகச் சாய்வதைக் கண்ணால் பார்த்தும்விட்டார். ஆனால் சம்பந்தி வீட்டு வாசலில் கால் வைத்ததும் எடுத்த எடுப்பில் கெட்ட சேதி சொல்வது எப்படி?

"சௌக்கியமுங்களா சம்பந்தி" என்று ஆரம்பித்திருக்கிறார். சௌக்கியம் என்றார் அண்ணன். "ஊட்டுல எல்லாரும் சௌக்கியமுங்களா?" சௌக்கியம். "இங்க மழ உண்டுங்களா?" தூறல் போட்டது. "வெசனப்படற மாதிரி ஒண்ணுமில்லீங்க, உங்க ஜாக்கி சித்த சாயற மாதிரித் தெரியுதுங்க." அண்ணன் உருண்டு வெளியே வந்ததும் கார் கீழே உட்கார்ந்திருக்கிறது. அவருடைய செருப்பு அப்பளமாகிவிட்டது.

அன்றிலிருந்து அண்ணனுக்கு ஒரு சட்டம். வண்டிக்கு அடியில் இருக்கிறவனுக்கு மரியாதை கிடையாது. பக்கத்தில் இருக்கிற ஆள் ஆபத்தைப் பார்த்தால், "வாடா வெளிய" என்று கத்த வேண்டும். அதற்குத்தான் அந்த ஸ்டூல் பரீட்சை. "இப்ப" என்றால் ஆபத்து வந்துவிட்டதாகப் பாவனை. பாவம், அவரிடம் ஐம்பது பைசாவுக்கு ஜெராக்ஸ் எடுத்த காலத்திலிருந்து "அண்ணா, அண்ணா" என்று பழகியவர்களுக்கு வாயில் அது வரவில்லை. அக்காவும் அதைவிடக் கறாராக ஒரு சட்டம் போட்டிருந்தார்.

"கத்தறதுக்கு ஒரு ஆள் கெடைக்கோணும். இல்லீன்னா இந்த மாசத்தோட வண்டிய வித்துப்போடறேன்னு சொல்லிப்போட்டேன். அடுத்த வாரம் புரோக்கர் வாராரு. எனக்கு வண்டியா பெரிசு? மனுசன் வேணுமில்லீங்க?"

நான் கிளம்பும்போது அண்ணன் கேட் வரைக்கும் கூடவே வந்தார். "இந்த வண்டி இல்லீன்னா ஞாயித்துக்கெழம நான் என்னத்தப் பண்றதுங்க அம்மணி?" என்று கேட்டார். கண்ணில் இன்னும் அந்த ரோஸ் கண்ணாடி இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் என்னவோ செய்தது. வாய் இருக்கிறதே, சும்மா இருக்குமா? அடுத்த வாரம் நான் உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தேன். "வாடா." சரியாகத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலில் உட்கார்ந்து, அவர் "இப்ப" என்றதும் என் வாயிலிருந்து வந்தது, "அண்ணா, வாங்கடா." காருக்கு அடியில் ஸ்பானர் தரையில் விழும் சத்தம் கேட்டது. "பாதி செத்துட்டேன்" என்றார். மறுபடி ஒரு தடவை முயற்சி செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது.

அன்றைக்கு ஹேண்ட் பிரேக் கம்பியை இறுக்கும் வேலை. அதாவது, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கவில்லை. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தார். வண்டியின் மூக்கு கேட்டைப் பார்த்து இருந்தது. தண்ணீர் ஓடுவதற்காக அந்த வாசல் கேட் பக்கம் லேசாகச் சரிந்திருக்கும். வண்டி முன்னால் நகராமல் முன்சக்கரங்களுக்கு ஆளுக்கொரு மரக்கட்டை. அந்தக் கட்டைகள்தான் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று காலையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார்.

அப்போது கேட் திறந்தது. தேங்காய் மூட்டையோடு சம்பந்தி.

வந்தவரைப் பார்த்ததும் என் கால் தானாக எழுந்துவிட்டது. ஸ்டூலை நகர்த்தி, "உக்காருங்க" என்றேன். அக்கா காபி போட உள்ளே ஓடினார். சம்பந்தி ஸ்டூலைப் பார்த்தார். தரையில் மல்லாந்து கிடந்த அண்ணனின் கால்களைப் பார்த்தார்.

"நல்லா இருக்குதுங்க நாயம். சம்பந்தி தரையில படுத்திருக்கறப்ப நான் ஒசர உக்காரலாமுங்களா?" என்றார்.

"பரவாயில்லீங்க சம்பந்தி, உக்காருங்க" என்றன கால்கள்.

"அதெல்லாம் ஆகாதுங்க." தாழ்வாக உட்கார ஏதாவது கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தார். முன்சக்கரத்துக்கு அடியில் அம்சமாக ஒரு மரக்கட்டை இருந்தது. நான் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள் அதை உருவிப் பக்கத்தில் போட்டார். உட்காரப் போனவர் என்னைப் பார்த்தார். ஒரு பெண் பிள்ளை நிற்கும்போது தான் உட்காருவதா? "நீங்களும் நிக்காதீங்க அம்மணி" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு கட்டையில் கை வைத்தார்.

கார் லேசாக முனகியது.

அதற்கப்புறம் என் வாயிலிருந்து வந்ததை இந்தப் பத்திரிகையில் முழுதாகப் போட மாட்டார்கள். போடக்கூடியது இவ்வளவுதான். "டேய், கட்டைய விடுடா. டேய் சாவி, வெளிய வாடா, வா, வா." மூன்றாவது தெருவில் லேத்து நின்றுவிட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். சம்பந்தி கையை எடுத்தார். ஆனால் கட்டை ஏற்கெனவே பாதி நகர்ந்துவிட்டது. அண்ணன் பக்கவாட்டில் உருண்டு வெளியே வந்தார். கார் ஒரு சாண் முன்னால் போனது, ஸ்டாண்டு சாய்ந்தது, பின்பக்கம் தடாலென்று தரையில் இறங்கியது. உருண்ட வேகத்தில் கழன்ற ரோஸ் கண்ணாடி மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது.

காபி டம்ளரோடு அக்கா வாசலில் நின்றார். கிணத்துக்கடவில் நாலு ஊருக்குப் பெரிய மனிதரை "டேய்" என்று சொல்லிவிட்டேன். மகள் வாழ்கிற வீடு. என்னால் அந்தப் பெண்ணுக்கு என்ன வந்து சேருமோ?

தரையில் கிடந்தபடியே அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "பாஸ் பண்ணிட்டீங்க அம்மணி."

சம்பந்தி மெல்ல நிமிர்ந்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், கண்ணையும் சேர்த்து. "அன்னைக்கு எனக்கு இந்தச் சத்தம் வரலீங்களே சம்பந்தி" என்றார். "ஜாக்கி சாயறதப் பாத்துட்டு மழயப் பத்திக் கேட்டனுங்க. அத நெனச்சா இன்னைக்கும் தூக்கம் வாரதில்லீங்க." பிறகு என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்வது என்று தெரியவில்லை.

புரோக்கர் வந்தபோது அக்கா அவருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். ஆனால் வேலை இடம் மாறியது. இப்போது தெருமுனையில், சரிவில்லாத சிமெண்டுத் தரையில்தான் வண்டி நிற்கும். கட்டைகள் இரண்டிலும் சிவப்புப் பெயிண்டில், "இது உட்காரும் பலகை அல்ல" என்று எழுதியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவர் சம்பந்தி. பச்சை நிறத்தில் புதுக் கண்ணாடி வாங்கி வந்தவரும் அவர்தான்.

வேலை மாறி நான் கருமத்தம்பட்டிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஸ்டூலில் இப்போது அக்கா உட்காருகிறார். அவருக்குக் கத்துவதற்குப் பயிற்சி தேவைப்படவில்லை. ஆனாலும் ஞாயிறு காலை எனக்கு ஒரு போன் வந்துவிடும். "அடியில போறேனுங்க அம்மணி" என்பார் அண்ணன். நான் காபி கலந்து மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறி ஏடு கட்டும். மறுபடி போன் அடித்து, "வெளிய வந்துட்டனுங்க" என்று அவர் சொன்ன பிறகுதான் அதை எடுத்துக் குடிப்பேன்.