சாய்த்து வைத்தால் ஏறும்

ஒயர் வைத்தியர் என்றொரு இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். மிகவும் புதிய இனம். கைப்பேசி வந்த பிறகு தோன்றியது. கைப்பேசி பெருகப் பெருகத் தானும் பெருகி, இப்போது தெருவுக்கு இரண்டு பேராவது தேறுவார்கள். இவர்களை அடையாளம் காண நீங்கள் சிரமப்பட வேண்டாம். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் சுவிட்ச் போர்டுக்குக் கீழே பாருங்கள். அங்கே ஒரு போன் சார்ஜில் கிடக்கும். ஒழுங்காகக் கிடக்காது. அடியில் ஒரு தீப்பெட்டி, பக்கவாட்டில் நாலாக மடித்த காலண்டர் தாள், ஒயர் நகராமல் இருக்க அதன் மேல் ஒரு விபூதி டப்பா, எல்லாமாகச் சேர்ந்து அந்தப் போனை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருக்கும். நீங்கள் ஓரடி பக்கத்தில் போனால் போதும், உள்ளேயிருந்து அலறல் வரும்.

“தொடாதீங்க! இப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்குது!”

அலறியவர்தான் வைத்தியர்.

குமாரபாளையத்துத் தறிப்பட்டறைக்காரர் நாச்சிமுத்துவை இந்த இனத்தின் மாதிரிப் பிரதி என்று சொல்லலாம். கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள், அது வேறு இனம். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு மொய் வைப்பதிலும், மாரியம்மன் நோம்பிக்கு வரி கொடுப்பதிலும் அவர் கை தாராளம். புது ஒயர் வாங்குவது அவருக்கு ஒரு செலவே இல்லை. ஆனாலும் வாங்க மாட்டார். ஏன்? மானப் பிரச்சினை. தறி ஓட்டுகிறவன் காலையிலிருந்து மாலை வரை அறுந்த இழையைத்தானே முடிந்துகொண்டிருக்கிறான்? ஓர் இழை அறுந்ததற்காகத் தறியில் பூட்டிய பாவு நூல் முழுவதையும் வெட்டி எறிந்தவன் எவனாவது உண்டா? அப்படியிருக்க, உள்ளே எங்கோ மயிரளவு கம்பி ஒன்று அறுந்துவிட்டது என்பதற்காக முழு ஒயரையும் குப்பையில் போடுவது என்றால், அது அவருடைய விரல்களுக்கே இழுக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒயர் ஏன் கெடுகிறது என்பது நாச்சிமுத்துவுக்கு உங்களையும் என்னையும் விட நன்றாகத் தெரியும். பட்டறைக்கு நூல் இறக்க வருகிறவர், கரண்டு ரீடிங் எடுக்க வருகிறவர், பத்திரிகை வைக்க வருகிறவர், யார் வந்தாலும் அவர்கள் கையிலிருக்கும் போனைப் பார்த்து ஒரு பிரசங்கம் நடக்கும்.

“ஒயரு தானாக் கெடறதில்லீங்க. நாமதான் கெடுக்கறோம். கழட்டறப்பத் தலையப் புடிச்சுக் கழட்டோணும், ஒயரைப் புடிச்சு இழுக்கப்படாது. கழுத்துல மடக்கப்படாது. சார்ஜ் ஏறறப்பப் படுத்துக்கிட்டுப் பாக்கப்படாது. சார்ஜர் மேல இறுக்கிச் சுத்தப்படாது, தளர்வா வட்டமாச் சுருட்டி வைக்கோணும். வெயில்ல போடப்படாது. அவ்வளவுதானுங்க. வருசக் கணக்கா ஒண்ணும் ஆகாது.”

எல்லாம் சத்தியம். ஒரு வார்த்தை பிசகில்லை. கேட்டுப் போனவர்களின் ஒயர்கள் இன்றும் நன்றாக இருக்கின்றன. கெட்டது பிரசங்கியின் ஒயர் மட்டும்தான்.

ஏன் கெடாது? மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் மல்லாந்து, போனை நெஞ்சில் நிறுத்தி, சொருகிய பின்னைத் தொப்பையில் முட்டக் கொடுத்து, அதன் கழுத்து ஒடிய ஒடிய வீடியோ பார்ப்பவர் யார்? அவரேதான். பட்டறையில் தறி நின்றுவிட்டது என்று யாராவது கூப்பிட்டால், ஒயர் எவ்வளவு தூரம் வரும் என்பதையே மறந்து போனோடு எழுந்து ஓடி, அது விறைத்துத் தெறித்துக் கழன்று சுவரில் அடிக்க, திரும்பிக்கூடப் பாராமல் போகிறவர் யார்? அவரேதான். வெளியூர் கிளம்பும்போது அந்த ஒயரை நாலு விரலில் இறுக்கிச் சுற்றி, கோனில் நூல் சுற்றின கணக்காக முறுக்கி, சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, அந்தச் சட்டையை ஆணியில் மாட்டுகிறவரும் வேறு யாருமில்லை. கேட்டால், “நம்ம ஒயரைப் பத்தி நமக்குத் தெரியாதுங்களா?” என்பார்.

நோய் வந்ததும் வைத்தியம் தொடங்கும். ஆரம்பத்தில் சாய்த்து வைப்பதோடு சரி. இடது பக்கம் சாய்த்தால் ஏறுகிறதா, வலது பக்கமா, கொஞ்சம் தூக்கினாலா என்று காதைப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்து, ‘டிங்’ என்ற சத்தத்துக்காகக் காத்திருப்பார். சத்தம் வந்த நொடியில் வீட்டில் சகலமும் நிற்க வேண்டும். மின்விசிறிகூட. சாய்ப்பு பலிக்காமல் போனால் கறுப்பு டேப். டேப்பும் பிசுபிசுத்து வழிந்த பிறகு வந்ததுதான் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

கஞ்சி வைத்தியம்.

கஞ்சி காணாத பச்சை நூலைத் தறியில் ஏற்றினால் அறுந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். கஞ்சி குடித்த நூல் விறைப்பாக நின்று அடியைத் தாங்கும். நூலுக்கு நல்லது ஒயருக்கு ஆகாதா? நாச்சிமுத்து கோன் நூலை எடுத்தார். ஒயரின் கழுத்தில் நெருக்கமாகச் சுற்றினார். கெட்டிக் கஞ்சியில் முக்கி மொட்டை மாடியில் காயப் போட்டார். மாலையில் எடுத்தபோது அது குச்சியாக விறைத்திருந்தது. தெருவே வந்து தட்டிப் பார்த்தது. சில நாள் கழித்து, கஞ்சிக் கட்டு முடிந்து மெத்தென்ற ஒயர் தொடங்கும் இடத்தில் படக்கென்று ஒடிந்தது. விறைத்த பகுதி வளையாது என்றால் வளைவெல்லாம் அதற்கு அடுத்த இடத்தின் தலையில்தானே விழும்? இதற்கு அவர் மனம் தளரவில்லை.

“பாத்தீங்களா? நானு கட்டுன எடத்துல ஒண்ணுமே ஆகலை!”

கட்டை இன்னும் ஒரு விரற்கடை நீட்டினார். அடுத்து அதற்கப்பால் ஒடிந்தது. இன்னும் நீட்டினார். இப்படியே போனால் ஒரு நாள் ஒயர் முழுவதும் கட்டாகிவிடும், அப்புறம் ஒடிய இடமே இருக்காது என்பது அவருடைய நம்பிக்கை.

இவருடன் குடித்தனம் நடத்தும் சௌந்திரத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டுமா? வீட்டில் எல்லா இடத்தையும் துடைப்பார், போன் சார்ஜில் கிடக்கும் அந்த ஒரு பலகையைத் தவிர. இரண்டாவது போன் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, அதற்கும் ஒரு ஒயர் இருக்குமே என்று பயந்து அவரே வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே அந்த வீட்டுக்கு ஒரே போன். அதன் பேட்டரியும் கிழடு. ஒயர் நகர்ந்தால் அந்தக் கணமே கண்ணை மூடிக்கொள்ளும்.

இதுவரை சிரித்தீர்கள். இனி கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

இவர்களுக்கு ஒரே மகன், தமிழரசு. தறிச் சத்தம் ஒத்துக்கொள்ளாமல் லாரிக்குப் போனவன். இந்த மழைக்காலத்தில் நெய்த துண்டுகளை லோடு ஏற்றிக்கொண்டு அசாமுக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். எத்தனை தூரம் போனாலும் சாயங்காலமானால் அம்மாவுக்குப் போன் வந்துவிடும். ஒரு நாள் வரவில்லை. அன்றைக்குத்தான் தொலைக்காட்சியில், அந்தப் பக்கத்து மலைப்பாதையில் மண் சரிந்து லாரிகள் சிக்கிக்கொண்டதாகக் காட்டினார்கள். சரிவுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு பச்சை லாரியின் மூக்கை அடிக்கடி காட்டினார்கள். தமிழரசுவின் வண்டியும் பச்சைதான். அவன் எண்ணுக்கு அடித்தால் சுவிட்ச் ஆஃப். லாரி ஆபீசில் கேட்டால், “விசாரிச்சிட்டு இருக்கறமுங்க” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாளும் வரவில்லை. சௌந்திரம் அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நாச்சிமுத்து, போன் மணி காதில் விழ வேண்டுமென்று தறிகள் அத்தனையையும் நிறுத்திப்போட்டார். பண்டிகைக்குக்கூட அரை மனதோடு நிறுத்துகிற மனிதர் அவர். பயந்தவனுக்குக் கை சும்மா இருக்காது, எதையாவது செய்தாக வேண்டும். அவருக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். ஒயரைச் சரி செய்தார். தீப்பெட்டியை எடுத்து வைத்தார். காலண்டர் தாளை மறுபடி மடித்தார். உள்ளுக்குள் மகன் பெயரைச் சொல்லிக்கொண்டே விபூதி டப்பாவை இம்மி இம்மியாக நகர்த்தினார்.

அதற்கடுத்த நாள் காலையில் போன் அடித்தது. தெரியாத எண். சௌந்திரம் பாய்ந்தார்.

“எடுக்காதே!” என்று நாச்சிமுத்து கத்தினார்.

“எடுக்காம எப்படீங்க பேசறது?”

“ஒயரு நகந்துரும்! நானு பச்சையை அமுக்கி ஸ்பீக்கர்ல போடறேன். நீ குனிஞ்சு பேசு!”

ஒற்றை விரல் நுனியால், பாம்பைத் தொடுகிறவர் மாதிரி, அமுக்கினார். சௌந்திரம் பலகைக்குக் கன்னத்தைக் கொண்டுபோனார்.

“அம்மா...” என்றது போன். “அம்மா, நாந்தானுங்க...”

மகனுடைய குரல். எந்தத் தாய் இதற்கு மேல் குனிந்துகொண்டிருப்பாள்? அள்ளி எடுத்துக் காதோடு அணைத்துக்கொண்டார். டப்பா உருண்டது. தீப்பெட்டி விழுந்தது. கஞ்சிக் கட்டு கழன்று ஊசலாடியது. திரை கறுத்துவிட்டது.

அந்த நேரத்தில் ஒரு மனிதன் என்னென்னவோ சொல்லலாம். நாச்சிமுத்து சொன்னது இது:

“அதுக்குத்தான் எடுக்காதேன்னேன்.”

சௌந்திரம் திரும்பிப் பார்த்தார். அழவில்லை.

“ஏனுங்க, எம் பையன் உசுரோட இருக்கறானான்னு கேக்கறதுக்கு நானு இந்த ஒயருக்குக் கும்பிடு போடோணுங்களா?”

“ரெண்டே நிமிசம் இரு புள்ள. சாய்ச்சு வெச்சா ஏறிரும்...” தீப்பெட்டி அவர் கையில் நிற்கவில்லை. மகனுடைய குரல் கேட்டதில் அவருக்குக் கண்ணும் சரியாகத் தெரியவில்லை என்பதையும் நியாயமாக நான் சொல்லிவிட வேண்டும்.

சௌந்திரம் காத்திருக்கவில்லை. ஒயரை அங்கேயே விட்டுவிட்டுப் போனை மட்டும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கலைமணியிடம் ஓடினார். கலைமணி தன் ஒயரைச் சொருகினார். ‘டிங்’ என்றது. முதல் தடவையிலேயே. பின்னால் வந்த நாச்சிமுத்து வாசலிலேயே நின்றுவிட்டார். ஒரு போன் சாயாமல், முட்டுக் கொடுக்காமல், மல்லாந்து படுத்தபடி சார்ஜ் ஏறுவதை அவர் பார்த்து வெகுகாலமாகியிருந்தது.

திரை வெளிச்சமாகிச் சற்று நேரத்தில் அதே எண் மறுபடி அடித்தது.

“சாமீ! எங்கடா இருக்கறே? கையி காலெல்லாம் நல்லா இருக்குதா?”

“நல்லா இருக்கறனுங்கம்மா. சரிவுக்கு இந்தப் பக்கத்துலயே நின்னுட்டேன். மத்த வண்டியெல்லாம் திரும்பிப் போயிருச்சு, நம்ம வண்டியத் திருப்ப எடமில்லை, ஒத்தையில கெடந்தேன். இன்னிக்குத்தான் பின்னால ஒரு வண்டி வந்துச்சு. அந்த டிரைவர் போனுலதான் பேசறேன்.”

சௌந்திரம் இப்போதுதான் அழுதார். கலைமணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். போன் ஸ்பீக்கரோடு நாச்சிமுத்துவின் பக்கம் வந்தது.

“ஏண்டா கண்ணு, நீ எதுக்குப் போனை ஆஃப் பண்ணி வெச்சே? உங்கம்மா இங்க சோறு தண்ணி இல்லாம...”

“நானு ஆஃப் பண்ணலீங்கப்பா. சார்ஜ் தீந்துபோச்சு. வண்டி ஏறறப்ப எம் பையில நீங்க ஒரு ஒயர் போட்டு உட்டிருந்தீங்கள்ல?”

“ஆமா. புதுக் கட்டு.”

“அதை எலி தின்னுபோடுச்சுங்க.”

“எலியா?”

“கேபினுக்குள்ள பூந்துருச்சுங்க. போர்வை கெடந்துச்சு, சட்டை கெடந்துச்சு, பன்னுகூட இருந்துச்சு. ஒண்ணையும் தொடலை. கஞ்சி வாசத்துக்கு நேரா அதுக்கே போயி, நூலைத் தின்னு, உள்ள இருந்த ஒயரையும் சேத்துக் கடிச்சு வெச்சிருச்சு.”

கலைமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சௌந்திரம் அழுகையை நிறுத்திவிட்டுக் கணவரை நிமிர்ந்து பார்த்தார். வேறு எந்த இனத்து மனிதராக இருந்தாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் தரையைப் பார்த்திருப்பார், மன்னிப்புக் கேட்டிருப்பார், குறைந்தபட்சம் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருப்பார். நாச்சிமுத்துவும் தரையைத்தான் பார்த்தார். பிறகு போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார்.

“தம்பி, கட்டுக்கு மேல கடிச்சுதா, கீழ கடிச்சுதா?”

“அப்பா?”

“தலை நல்லா இருக்குதல்லோ? தூக்கிப் போட்றாதே, பத்திரமாக் கொண்டா. அடுத்த வாட்டி கஞ்சியில ரெண்டு சொட்டு வேப்பெண்ணெய் உட்டுக்கலாம். எலி அண்டாது.”

சௌந்திரம் எழுந்து வீட்டுக்குப் போனார். பல மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக அந்தப் பலகையைத் துடைத்தார்.

ஆகவே, வாசகரே, இப்படிப்பட்டவர்களை உங்கள் தெருவில் கண்டால் கொஞ்சம் விலகியே இருங்கள். நீங்கள் அந்த இனம் இல்லை, தெரியும். உங்களுக்கு வேண்டியவர்கள் தூர தேசத்திலிருந்து கூப்பிட்டால் உங்கள் போன் கணீரென்று அடிக்கும், நீங்களும் நிமிர்ந்து நின்றே பேசுவீர்கள். இதைக்கூடப் போனில்தானே படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? சார்ஜில் போட்டபடி, படுத்துக்கொண்டு? சந்தோஷம். கதை முடிந்துவிட்டது, எழுந்திருங்கள், ஒயரைக் கழற்றுங்கள். ஐயா, ஐயா... இழுக்காதீர்கள்! தலையைப் பிடித்து.