காபி டப்பாவை நம்பிக் கடலுக்குப் போகும் அத்தானுக்கு

அன்புள்ள ஹாவர் அத்தானுக்கு,

தோர்கெல் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். அங்கே நீங்களும் ஒட்னி அக்காவும் மகள் ஸ்டைனுனும் நலம்தானே. அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது, வெண்ணெய் தடவித் தின்றோம். மரியாதையெல்லாம் இத்தோடு போதும். உங்களுக்கு மூளை இருக்கிறதா?

பேப்பரில் எங்கள் மீட்பு ஹெலிகாப்டரின் முன்னால் அமைச்சர் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பார்த்தீர்களாம், அந்தத் தைரியத்தில் கூட வந்த ஆளை நிறுத்திவிட்டுத் தன்னந்தனியாக வளைகுடா வாயைத் தாண்டி மீன் பிடிக்கப் போகிறீர்களாம். "விழுந்தா என்ன, மச்சான் வந்து தூக்கிடுவான்" என்று துறைமுகம் முழுக்கச் சொல்லித் திரிகிறீர்கள் என்று அக்கா போனில் அழுகிறாள். எதைக் கொண்டு தூக்குவேன் அத்தான்?

கடலில் கிடப்பவனை மேலே இழுக்கும் வின்ச்சில், உள்ளங்கை அளவு பல்சக்கரம் ஒன்று ஜனவரியில் உடைந்தது. வின்ச்சைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு உதிரிபாகம் கேட்டு எழுதினேன். கொள்முதல் பிரிவில் சிக்வால்டி என்றொரு மகாராசன். முதலில் படிவம் பழையது என்றான், பிறகு மை நீலமாக இருக்கிறது என்றான், மூன்றாம் முறை சக்கரமே அனுப்பினான், அது புல் வெட்டும் இயந்திரத்துடையது. இந்தக் கூத்துக்கு நடுவில் அமைச்சர் படமெடுக்க வருகிறார். தலைமை விமானி ஹியால்டி என்னைத் தனியே கூப்பிட்டு, "கதவுக்கு மேல வின்ச் இருந்த இடம் வெறிச்சுன்னு இருக்கு. பின்னணி நல்லா இருக்கணும், ஏதாவது பண்ணு" என்றார். பண்ணினேன். இரண்டு கிலோ காபி டப்பா, சாம்பல் வர்ணம், பழைய கொக்கி ஒன்று. நீங்கள் படத்தில் பார்த்து மெய்சிலிர்த்த வின்ச் அதுதான்.

தொலையட்டும், இனியாவது சக்கரம் வரும் என்றிருந்தேன். நேற்று சிக்வால்டி கூப்பிட்டு என் கோரிக்கையை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னான். "பேப்பர்லதான் பாத்தேனே, வின்ச் பளபளன்னு இருக்கு. இல்லாத குறைய ஏம்ப்பா எழுதுற?" அது டப்பா என்று சொன்னால் என் வேலை போகும், சொல்லாவிட்டால் நீங்கள் போவீர்கள். சொல்லிவிட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான், நான் நல்ல கிண்டல்காரனாம். வயிறு எரிகிறது அத்தான். வின்ச் உள்ள இன்னொரு ஹெலிகாப்டர் கிழக்குக் கரையில் இருக்கிறது. அது வந்து சேர இரண்டு மணி நேரம். ஏப்ரல் மாதத்து ஐஸ் தண்ணீரில் அதுவரை பாட்டுப் பாடிக்கொண்டிருப்பீர்களா? நிறுத்திய ஆளின் காலில் விழுந்தாவது திரும்பக் கூப்பிடுங்கள்.

கர்த்தர் உங்கள் படகைக் காக்கட்டும், மிச்சம் இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் புத்தியும் தரட்டும். அக்காவுக்கு என் அன்பு.

தீராத கோபத்துடன்,
தோர்கெல்

பி.கு.: சர்ச்சில் ஸ்டைனுனுக்கு நடக்கும் திடப்படுத்தல் சடங்குக்கான படத்தை எங்கள் ஹெலிகாப்டர் முன்னால் எடுக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்களே, ஹியால்டி சரி என்றுவிட்டார். சனிக்கிழமை பதினொரு மணி. படகில் வராதீர்கள், காரில் வாருங்கள். பழைய டப்பா மழையில் துருப்பிடித்துவிட்டது, பிள்ளைக்காக நேற்றே புது டப்பாவுக்கு வர்ணம் அடித்து மாட்டிவிட்டேன், நிஜத்தைவிட நன்றாக இருக்கிறது. படம் எடுத்து முடிந்ததும் நீங்களே அதைக் கையால் ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். கழன்று கையோடு வரும். அதை வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படகில் உங்கள் கண்ணெதிரே கட்டி வையுங்கள்.