வெள்ளச்சி நின்ற வீடுகள்

ஊர்வலத்தில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை அன்பரசு, குதிரை மேல். அவனுடைய அத்தை லோகநாயகி, பட்டுப்புடவையில், குதிரைக்கு வலப்பக்கம். அவள் கணவர் சடையப்பன், குதிரைக்குச் சொந்தக்காரர், மனைவியின் கண்ணில் படாதபடி இடப்பக்கம். கடிவாளம் பிடித்த சின்னையன். பேண்டு வாத்தியக்காரர்கள் ஆறு பேர். உறவினர்கள் அறுபது பேர். வெள்ளச்சி என்கிற பெட்டைக் குதிரை.

இதில் வெள்ளச்சி மட்டும் நகரவில்லை.

கடலூர் முதுநகரில், மண்டபத்துக்கு அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு நீலக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டது.

"என்னாடா ஆச்சு?" என்றாள் லோகநாயகி.

"மூச்சு வாங்குதுக்கா," என்றான் சின்னையன்.

சடையப்பனுக்கு வியர்த்தது. வெள்ளச்சி ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரியும்.

குதிரை வளர்த்து விற்பது அவர் தொழில். சிதம்பரத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரைகளில் பாதி அவர் லாயத்தில் பிறந்தவை. சம்பாதித்ததை ஊருக்குக் கொடுத்தே தீர்த்தார். சுனாமிக்குப் பிறகு வலை, பிறகு பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு, பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கேட்டது. போன டிசம்பரில் 'தானே' புயல் அவர் லாயத்தின் கூரையையே கொண்டுபோனது. லோகநாயகி தன் வளையலை அடகு வைத்துப் பன்னிரண்டு பச்சைத் தகரம் வாங்கினாள். கூரையில் ஏற்றுவதற்குள் அவை காணாமல் போயின.

"நான் எடுக்கல லோகு. சத்தியமா."

"இனிமே யாருக்காவது ஒரு ஆணி குடுத்தன்னு தெரிஞ்சாலும் பண்ருட்டிக்குத் தங்கச்சி வூட்டுக்குப் போயிடுவேன். கல்யாணத்துக்காகப் பாக்குறேன்."

சும்மா மிரட்டவில்லை. பெட்டி கட்டியாகிவிட்டது. கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

சடையப்பனால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் வெள்ளச்சியை வண்டியில் பூட்டி, சின்னையன் ஓட்ட, லோகநாயகி சந்தைக்குப் போவாள். மற்ற நாள் சும்மா நின்றால் குதிரை கொழுத்துவிடும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இவர் ஏறிக்கொள்வார். வீடு வீடாக நிறுத்துவார். கொடுப்பார். வாங்கியவர்கள் குதிரைக்கு ஒரு துண்டு வெல்லம் கொடுப்பார்கள். தன்னைத் தெரியும் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தார். குதிரையிடம் வாங்க முடியாது.

நீலக் கதவு திறந்தது. ஆரோக்கியம்மாள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டாள்.

"இவுர நான் பாத்ததே இல்ல," என்றாள், யாரும் கேட்காமலே. அவள் கை மட்டும் பழக்கத்தில் வெல்லத்தை நீட்டியது. வெள்ளச்சி தின்றுவிட்டு நடந்தது.

இருபது அடி தள்ளி மறுபடி நின்றது. மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு குப்பு வந்தாள்.

"யாரு இவுங்க? எந்த ஊரு?" என்று சடையப்பனைக் காட்டிக் கேட்டபடி, "தின்னுடி வெள்ளச்சி" என்று குதிரையின் காதைச் சொறிந்தாள்.

லோகநாயகி குதிரையைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தாள்.

"யோவ், ரெண்டு பொம்பளயும் உன்னத் தெரியாதுங்குறாளுவ. தெரியாதவ வூட்டு வாசல் குதிரைக்கு எப்பிடித் தெரியுது?"

"வெல்லம் வாசன புடிக்கும் லோகு. சின்னையா, மார்க்கெட்டு சந்து வழியா வுடு!"

"அந்தச் சந்து வேணாம் மாமா," என்றான் சின்னையன்.

"அந்தச் சந்து வேணாம், நாறும்," என்றாள் லோகநாயகியும், அவசரமாக.

சடையப்பன் கேட்கவில்லை. கடிவாளத்தை அவரே பிடித்துத் திருப்பினார். திருப்பிய பிறகுதான் அங்கே நான்கு வீடு இருப்பது ஞாபகம் வந்தது.

நான்கிலும் நின்றது. நான்கிலும் அவரை யாருக்கும் தெரியவில்லை. நர்சிங் படிக்கும் தீபிகா, "அம்மாமேல சத்தியமா தெரியாதுங்க" என்று அழுதே விட்டாள். நான்காவது வீட்டில் பேண்டுக்காரர்கள் குதிரைக்கு முன்பே நின்றார்கள். உறவினர்களில் யாரோ உரக்க, "ஆறு" என்றார்.

"மாமா, ஏழரைக்குள்ள மண்டபம் போவணும்," என்றான் அன்பரசு மேலிருந்து.

"ஆறு வூடு வச்சிருக்கியாய்யா?" லோகநாயகியின் குரல் உடைந்தது.

அந்தக் குரலை சடையப்பனால் தாங்க முடியவில்லை. "வச்சிருக்கல லோகு! குடுத்திருக்கேன். இந்தப் பொண்ணுக்கு ஃபீசு. குப்புவுக்குக் கூடை, தராசு. ஆரோக்கியத்துக்குக் கண்ணு ஆபரேசன். அவ்ளோதான்."

உறவினர்கள் மூச்சு விட்டார்கள். சிலர் ஏமாந்தார்கள். லோகநாயகியின் முகம் ஒரு கணம் இளகி, உடனே இறுகியது.

"அப்போ தகரமும் நீதான்."

"தகரம் மட்டும் நான் இல்ல!"

"ஆறு வூட்டப் பத்தி வாயத் தொறந்தியா? இத மட்டும் நம்பணுமா? காலையில மொத பஸ்சுக்குப் பண்ருட்டி."

வெள்ளச்சி தானாகவே நடந்து, சந்தின் கடைசியில் ஒரு சின்ன வீட்டின் முன்னால் நின்றது.

சடையப்பன் குழம்பினார். இந்த வாசலுக்கு அவர் வந்ததே இல்லை. தலையை நிமிர்த்தினார். கூரையில் பச்சைத் தகரம். புதுசு. எண்ணினார். பன்னிரண்டு.

"திருட்டுத் தகரம்!" என்று கத்தினார். "லோகு, பாரு! எந்தப் பயலோ தூக்கியாந்து போட்டுருக்கான். கூப்புடு போலீச!"

"சின்னையா, குதிரைய இழு," என்றாள் லோகநாயகி. அன்றைக்கு முதல்முறையாகத் தணிந்த குரலில்.

சின்னையன் இழுத்தான். குதிரை அசையவில்லை. கதவு திறந்தது. பிரிசில்லா கையில் வெல்லத்தோடு படியிறங்கினாள்.

லோகநாயகி யாரையும் பார்க்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிரிசில்லாவைத் தாண்டி அவள் வீட்டுக்குள்ளேயே நுழைந்து, கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள்.

தகரம் காணாமல் போனதிலிருந்து ஒன்றரை மாதமாக நெஞ்சில் இருந்த பாரம் சடையப்பனுக்கு இறங்கியது. தன் வீட்டுக்கே வெளியில் நின்ற பிரிசில்லா, பூட்டிய கதவையும் அறுபது பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெள்ளச்சிக்கு வெல்லத்தை ஊட்டியபடி சொன்னாள்:

"இந்த அக்காவ நான் பாத்ததே இல்லீங்க."