நிலாவில் ஆறு பலகைகள்

"இதென்ன மோளே, நிலாவா? அங்கே நம்ம மன்றத்துக்குக் கிளை உண்டா?"

மட்டாஞ்சேரி முத்தமிழ் உயர்வு மன்றத்தின் தலைவர் வெங்கிடேஸ்வரன் ஐயா என்னிடம் கேட்ட இந்தக் கேள்வியில்தான் விண்வெளி யுகம் தொடங்குகிறது. அதற்கு முன் உலகில் நடந்தவையெல்லாம் ஒத்திகை.

கொச்சியில் யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால், மிளகுக் கிடங்கின் மாடியில் மன்றம். அங்கே பெருக்குவதும் சாயா போடுவதும் என் பொறுப்பு; எல்லாருக்கும் நான் 'மோளே', அதாவது மகளே. நிர்வாகிகள் மதியம் சாப்பிடப் போனதும் மன்றத்துக் கணினியில் ஒரு விளையாட்டு விளையாடுவேன். நாமே வண்டி கட்டி நிலாவில் ஓட்டவேண்டும். அதில் ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். மேடுபள்ளமான பாதையில் கவிழாமல் ஒரு சுற்று வரவேண்டும். வென்ற வண்டியை வடிவமைத்தவருக்கு எர்ணாகுளத்தில் கணினிப் படிப்பு இலவசம். பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை. எட்டாவதோடு நின்ற நான் இந்தக் கடைசி வரியைப் பதினோரு முறை படித்தேன்.

நிலாவில் வண்டி லேசாகிவிடும். சக்கரம் தரையைப் பிடிக்காது. சட்டென்று திரும்பினால் பல்டி. எனவே சக்கரங்களை அகல விரித்தேன், பேட்டரியை அடிவயிற்றில் வைத்தேன், வேகத்தைக் குறைத்தேன். பார்க்க மிதிபட்ட நண்டு மாதிரி இருந்தது. ஆனால் கவிழவில்லை.

சாப்பிட்டுத் திரும்பிய தலைவர் திரையில் இதைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். உடனே இதை "மன்றத்தின் விண்வெளித் திட்டம்" என்று அறிவித்து அவசரக் கூட்டம் கூட்டினார். நிர்வாகிகள் ஆறு பேர். உறுப்பினர்களும் அதே ஆறு பேர்தான்.

"இவ்வளவு தாழ்வா இருந்தா மன்றத்துக்கு என்ன மரியாதை?" என்றார் பொருளாளர் நல்லசிவம். "உச்சியிலே ஒரு பேர்ப் பலகை வேணும்."

"யார் பேரு?"

இதற்கு நாற்பது நிமிடம் ஆனது. நான் வாய் திறந்தேன்.

"மேலே கனம் ஏறினா கவுந்துடும் சார்."

"நிலாவிலே ஏது மோளே கனம்?"

"ஆறிலே ஒரு பங்கு உண்டு சார்."

தலைவரின் முகம் பிரகாசித்தது. "ஆறிலே ஒண்ணா? அப்போ ஆறு பலகை வெச்சா ஒரு பலகைக் கனம்தானே! நாம எத்தனை பேரு?"

கைதட்டல். அறிவியல் இவ்வளவு ஜனநாயகமாக வேறெங்கும் நடந்திருக்காது.

"கனம்தான் சார் குறையும். திரும்பும்போது தள்ளுற தள்ளல் குறையாது."

"சாயா ஆறிப்போச்சு மோளே" என்றார் நல்லசிவம்.

தீர்மானப் புத்தகத்தில் என் பேச்சு இடம்பெறவில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். போட்டிப் படிவத்தில் வடிவமைப்பாளர் என்ற இடத்தில் "நிர்வாகக் குழு" என்று எழுதினார்கள். என்னையும் மறக்கவில்லை: "உதவி: சாயா."

போட்டியன்று நடுவர் சந்தீப் சார் மன்றத்துக்கே நேரில் வந்தார். திரையில் என் நண்டு வண்டியின் தலையில் ஆறு பலகைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. நான்தான் ஓட்டினேன். முதல் வளைவில் வண்டி சாய்ந்தது. நிலாவில் எதுவும் நிதானமாகத்தான் விழும். ஆறு பெயர்களையும் பட்டங்களோடு படித்து முடிக்க அவகாசம் இருந்தது.

சந்தீப் சார் படிவத்தை எடுத்தார். "இது ஆரா டிசைன் செய்தது?"

ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு தலைவர் மிகுந்த பெருந்தன்மையோடு முன்வந்தார்.

"எல்லாம் இந்தப் பொண்ணுதான் சார். முழுக்க இவ கைவேலை. நாங்க சும்மா ஊக்கம் கொடுத்தோம்."

"பேரு?"

தலைவர் நல்லசிவத்தைப் பார்த்தார். நல்லசிவம் கூரையைப் பார்த்தார்.

"மோளே, உன் பேரென்ன?"

இரண்டு வருடமாக இவர்களுக்குச் சாயா கொடுக்கிறேன். பழிக்கு ஒரு பெயர் தேவைப்பட்ட அன்றுதான் எனக்கும் ஒன்று இருக்கக்கூடும் என்று மன்றத்துக்குத் தோன்றியது.

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். படியிறங்கினேன்.